அக்காவைத் தூக்காத நாள்

“...அதுக்கு இன்னாத்துக்கு மேடம் டேப்பெல்லாம்? அக்காவ நாலு பேரு புட்ச்சா பூ மாதிரி மேல போய்டுவாங்க. அப்டியே எழுதிக்கோங்க!”

இப்படிச் சொன்னவர் அந்த நூலகத்தின் வாட்ச்மேன். கேட்டுக்கொண்டிருந்தவர் படிக்கட்டில் மண்டியிட்டு அளவெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் பொறியாளர். இடம், வேலூரில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் வாசல். போன வருஷம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூ என்று சொல்லப்பட்டவள், பக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் அக்கா.

“பூவாம் பூ. பூசணிப் பூ” என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தாள்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் ரூமில் வேலை பார்க்கிறவன். பத்தாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. அதன்பிறகு படித்ததெல்லாம் மனிதர்கள் வாயிலிருந்துதான். பஸ்ஸிலோ டீக்கடையிலோ யாராவது ஒரு நல்ல சொல் சொன்னால் போதும், அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்துவிடுவேன். அக்கா அப்படியில்லை, புத்தகத்தில் படித்தவள். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் வலுவிழந்து போயின. பள்ளிக்கூடத்துக்கு அப்பா தூக்கிக்கொண்டு போனார். என் முதுகு அகலமானதும் நான் தூக்கிக்கொண்டு போனேன். எம்.ஏ.வைத் தபால் வழியில் முடித்தாள். தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டே நுழைவுத் தேர்வு எழுதி, அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி படிக்க இடமும் வாங்கிவிட்டாள். தோல் பதனிடுகிற தோல் ஷாப்பில் வேலை செய்கிற பெண்கள் பேச்சில் வரும் பழமொழிகள்தான் அவள் எடுத்துக்கொண்ட பொருள். பாதி ஆராய்ச்சி என் வாயில்தான் இருக்கிறது என்று ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு சிக்கல். பழைய ஆய்வேடுகளை வீட்டுக்குத் தரமாட்டார்கள். அந்த நூலகத்தில் உட்கார்ந்துதான் படிக்கவேண்டும், அதுவும் வருஷக்கணக்கில். பதிவு செய்துகொள்ளக் கொஞ்ச நாள் அவகாசம் இருந்தது. “முதல்ல அந்தக் கட்டடத்தப் பாத்துட்டு வர்றேன்டா. நானே போய் நானே வர முடிஞ்சா சேர்றேன். இல்லன்னா வேணாம்” என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். அக்கா ஒன்று சொன்னால் சொன்னதுதான். அவள் கால் மட்டுமில்லை, வார்த்தையும் நகராது என்று அம்மா சொல்வதுண்டு.

பாருங்கள், அந்த நேரம் பார்த்துப் பல்கலைக்கழகமே நூலகத்தைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்திருந்தது. மாற்றுத்திறனாளிகள் வந்து போக வசதியாக இருக்கிறதா, எங்கே என்ன மாற்றவேண்டும் என்று பார்த்துச் சொல்ல அந்தப் பொறியாளரை அமர்த்தியிருந்தார்கள். புழங்கப் போகிறவர்களையே வரச்சொல்லிப் பார்த்தால் நல்லது என்று அவர் கேட்டிருக்கிறார். அப்படித்தான் அக்காவுக்கு அழைப்பு வந்தது.

வாட்ச்மேனுக்குச் சோளிங்கர் பக்கம். இளவயதில் மலையில் டோலி தூக்கியவராம். நடக்க முடியாதவர்களை மூங்கிலில் கட்டிய நாற்காலியில் உட்காரவைத்து, அத்தனை படியும் தோளில் சுமந்து போய் நரசிம்மர் சந்நிதி முன்னால் இறக்கிவிடுவது. அவருக்கு அது வெறும் வேலை அல்ல. “இன்னா சார் நீங்க, கெழவி கெழவியா எத்தினி பேர ஏத்தி எறக்கியிருக்கேன்! அக்கா இன்னா கனம்? எடு சார் அந்தப் பக்கம்!” என்றார்.

தோட்டக்காரர்கள் இருவர் ஓடிவந்தார்கள். நாங்கள் நாலு பேரும் நாற்காலியோடு அக்காவைத் தூக்கினோம். சும்மா சொல்லக்கூடாது, அந்த மனிதர் தூக்குகிற விதமே தனி. நாற்காலி ஒரு பக்கமும் சாயவில்லை. மேலே இறக்கும்போது ஒரு சத்தம்கூட இல்லை. ஆனால் ஆள் மூச்சு வாங்கினார், நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது.

“ரொம்ப தேங்க்ஸ்ணா” என்றாள் அக்கா.

“நமக்குள்ள இன்னாக்கா தேங்க்ஸு” என்றார் அவர். அவர் அவளை அக்கா என்கிறார், இவள் அவரை அண்ணா என்கிறாள். இருவரில் யார் மூத்தவர் என்று இன்றுவரை முடிவாகவில்லை.

“எப்படி மேடம் இருந்தது?” என்று பொறியாளர் கேட்டார்.

“நல்லா இருந்துச்சு மேடம்.”

உள்ளே போனோம். நூலகர் அம்மா வாசல் வரை வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். கலவை ஊர்க்காரர். அக்கா வருகிறாள் என்று காலையிலேயே எழுந்து புளிசோறும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்து கொண்டுவந்திருந்தார். அப்புறம் நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். கதவு கனமாக இருந்தது, ஒருவர் ஓடிவந்து திறந்து பிடித்துக்கொண்டார். புத்தகம் தேடும் கம்ப்யூட்டர் நின்றுகொண்டு பார்க்கிற உயரத்தில் இருந்தது, நூலகர் அம்மாவே தட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார். மேசைக்கு அடியில் குறுக்குக் கட்டை இருந்ததால் அக்காவின் நாற்காலி உள்ளே போகவில்லை. உடனே ஒரு தம்பி பலகை ஒன்றைக் கொண்டுவந்து அவள் மடிமேல் வைத்தான். மாடிக்குப் போகும் லிஃப்டின் பொத்தான் அவளுக்கு எட்டவில்லை, வாட்ச்மேன் அழுத்தினார்.

ஒவ்வொரு இடத்திலும் பொறியாளர் கேட்டார். ஒவ்வொரு இடத்திலும் அக்கா சிரித்தபடி, “நல்லா இருக்கு மேடம்” என்றாள்.

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. என்ன பிரியமான மனிதர்கள்! இங்கே வந்துவிட்டால் அக்காவைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். மதியம் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். “கூச்சப்படாம சாப்புடு கண்ணு” என்று நூலகர் அம்மா அக்காவின் தட்டில் வறுவலை அள்ளி வைத்தார். வாட்ச்மேன் சோளிங்கர் மலைக் குரங்குகள் பற்றி ஒரு கதை சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தார். டோலியில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவின் மூக்குக் கண்ணாடியைக் குரங்கு பிடுங்கிப் போட்டுக்கொண்டதாம். “அம்மாவுக்கு கண்ணு தெர்ல, கொரங்குக்கும் தெர்ல!” என்றார்.

அக்காவும் சிரித்தாள். ஆனால் தண்ணீர் டம்ளரை உதட்டில் நனைத்துவிட்டுக் கீழே வைத்துவிட்டாள். அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. வெளியே போகிற நாளில் அவள் தண்ணீர் குடிக்கமாட்டாள். அங்கே கழிப்பறை அவளுக்குத் தோதுப்படாது என்று தெரிந்தால் ஒரு சொட்டுக்கூட இறங்காது.

கை கழுவும் இடத்தில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

“வேணான்டா” என்றாள்.

“இன்னா வேணாம்?”

“ஆராய்ச்சி. நான் சேரல.”

“எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னியேக்கா?”

“வேற இன்னா சொல்ல சொல்ற? அந்த அண்ணா மூச்சு வாங்குனாரு பாத்தியா? அவரு மூஞ்சியப் பாத்து நல்லா இல்லன்னு எப்டிடா சொல்றது? அந்தம்மா விடியக்காலையில எழுந்து சோறு கட்டிக்கினு வந்திருக்காங்க. அவங்க சோத்த தின்னுட்டு அவங்க வூட்டுக் கதவு சரியில்லன்னு சொல்றதா?”

“அப்ப உனக்கு...”

“காலையிலேர்ந்து எத்தினி பேருக்கு தேங்க்ஸ் சொன்னேன் தெரியுமா? வாய் வலிக்குது. வருஷம் பூரா இப்டியே சொல்லணும். நான் இங்க படிக்க வர்றேனா, தேங்க்ஸ் சொல்ல வர்றேனா?” அடுத்த நிமிஷமே என்மேல் பாய்ந்தாள். “நீயும்தான்டா, முதல் ஆளா ஓடிவந்து தூக்குற!”

“என்னை மட்டும் நல்லா திட்டுக்கா.”

“உன்னத் திட்டாம? உன்னத் திட்ட உரிமை இருக்கு. அவங்கள திட்ட இன்னா உரிமை இருக்கு எனக்கு?”

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம்மை வளர்த்துவிட்டார்கள். அந்த உப்புதான் அன்று அக்காவின் நாக்கைக் கட்டிப்போட்டிருந்தது. சாயங்காலம் பொறியாளர் தன் அறிக்கையை முடித்துவிடுவார். சக்கர நாற்காலியில் வந்தவரே நல்லா இருக்கு என்றார் என்று அதில் இருக்கும். அப்புறம் அந்தப் படிக்கட்டை யார் தொடப்போகிறார்கள்? அக்காவும் டியூஷன் பிள்ளைகளோடு வீட்டிலேயே இருந்துவிடுவாள்.

அப்போதுதான் எனக்கு எங்கள் சாம்பிள் ரூம் நினைவுக்கு வந்தது.

புது மாடல் ஷூ ஒன்று தைத்து முடித்ததும் ஃபிட் டிரையல் என்று ஒன்று வைப்போம். சரியான அளவுக் கால் உள்ள ஆளைக் கூப்பிட்டுப் போட்டு நடக்கச் சொல்லிப் பார்ப்பது. எங்கள் தையல் லைனில் ஒரு பெண்ணுக்கு அச்சில் வார்த்தாற்போல் அந்த அளவுக் கால். முன்பெல்லாம் அந்தப் பெண் வந்து போட்டதும் ஷூவைச் செய்த நாங்கள் சுற்றி நின்றுகொண்டு, “இன்னாம்மா, நல்லா இருக்குல்ல?” என்று பல்லைக் காட்டுவோம். ராப்பகலாக நாங்கள் பட்ட பாடு அவளுக்குத் தெரியும். “சூப்பரா இருக்குண்ணா” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அப்படிப் போன ஒரு மாடல், விரலைக் கடிக்கிறது என்று வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தது. அன்றையிலிருந்து எங்கள் ரூமுக்குத் தலைவரான மாஸ்டர் பாய் ஒரு வழக்கம் வைத்தார். ஃபிட் டிரையல் நேரத்தில் ஷூவைச் செய்தவன் எவனும் ரூமில் இருக்கக்கூடாது, டீ குடிக்கப் போய்விட வேண்டும். ஷூவை மாட்டிவிடக் கூடாது, லேஸைக் கட்டிவிடக் கூடாது, போகப் போகச் சரியாகிவிடும் என்று வாய் திறக்கக் கூடாது. நாங்கள் முனகினால், “பிரியம் ஜாஸ்தியானா கண்ணு கம்மியாய்டும்டா, போங்கடா வெளிய” என்று துரத்துவார்.

இதைப் போய்ப் பொறியாளரிடம் சொன்னேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“காலையிலேர்ந்து எனக்கும் அதேதான் உறுத்திட்டு இருக்கு சார். நான் கட்டடத்தப் பாக்க வந்தேன், மனுஷங்களைத்தான் பாத்துட்டு இருக்கேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. சரி, நாம எல்லாரும் டீ குடிக்கப் போலாம்.”

வாசலுக்கு எதிரே ஒரு புங்க மரம். எல்லோரும் அதன் அடியில் போய் நிற்க வேண்டும். அக்கா கேட்டிலிருந்து தொடங்கி, தானாக உள்ளே போய், ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டு தானாக வெளியே வரவேண்டும். யாரும் கிட்டே போகக் கூடாது. கேட்டதும் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபமா, பயமா, தெரியவில்லை. பிறகு நாங்கள் நாலு பேரும் படி வழியே இறக்கிவிட, சக்கரம் உருட்டும் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

வாட்ச்மேனுக்கு இது பிடிக்கவே இல்லை. “இது இன்னா மேடம் பாவம்? நாலு பேரு நிக்கிறோம் கல்லு மாதிரி” என்று மரத்தடியில் முன்னும் பின்னும் நடந்தார். பொறியாளர் ஒரு வேலை செய்தார். தன் பை, குடை, டேப், டீ ஃபிளாஸ்க் எல்லாவற்றையும் அவர் கையில் கொடுத்துவிட்டார். மனிதர் சுமைதாங்கி மாதிரி நின்றார்.

முன்வாசல் படி முடியாது என்று அக்கா பக்கவாட்டுக்குப் போனாள். அங்கே ஒரு சாய்தளம் இருந்தது, புத்தகக் கட்டுகளைத் தள்ளுவண்டியில் ஏற்றுவதற்காகக் கட்டியது. காலையில் அதைக் காட்டி, “அது பொஸ்தகம் போற வழிக்கா. உங்களுக்கு ராஜ வழி” என்று சொல்லித்தான் வாட்ச்மேன் முன்பக்கம் தூக்கியிருந்தார். பளபளவென்று கிரானைட் போட்ட செங்குத்தான சரிவு அது.

பாதி தூரம் ஏறினாள். தோள் இரண்டும் அதிர்ந்தன. சக்கரம் வழுக்கியது. நாற்காலி பின்னால் இறங்கத் தொடங்கியது.

குடை ஒரு பக்கம், ஃபிளாஸ்க் ஒரு பக்கம் விழ வாட்ச்மேன் ஓடினார். என் காலும் ஓடிவிட்டது, பொய் சொல்வானேன். அக்கா ஒரு கையால் பக்கச் சுவரைப் பற்றிக்கொண்டு, மறுகையை எங்களை நோக்கி நீட்டினாள்.

“வராதீங்க!”

காலையிலிருந்து தேங்க்ஸ் சொல்லிக்கொண்டிருந்த வாயிலிருந்து வந்த முதல் சத்தம் அது. நாங்கள் இருவரும் நின்ற இடத்தில் நின்றோம். அவள் கீழே இறங்கி, மூச்சு வாங்கி, சுவரைப் பிடித்து இழுத்து இழுத்து மறுபடி ஏறினாள். இந்த முறை மேலே போய்விட்டாள். நூலகர் அம்மா கை தட்டினார்.

மேலே ஒரு ஷட்டர். பூட்டியிருந்தது.

அக்கா தட்டினாள். மறுபடி தட்டினாள். உள்ளே யார் இருக்கிறார்கள் திறக்க? எல்லோரும்தான் மரத்தடியில் அவளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோமே! அந்தத் தகரச் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. நூலகர் அம்மா தன் கைப்பையைத் திறந்து பார்த்துவிட்டு, “சாவி எங்கிட்டதான் இருக்கு” என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. ஓடப் பார்த்தவரைப் பொறியாளர் மெல்லப் பிடித்துக்கொண்டார்.

வெயிலில் அந்த ஷட்டருக்கு முன்னால் அக்கா கடைசியாக ஒருமுறை தட்டினாள். பிறகு நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினாள். வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற குரல் அது.

“மேடம், எழுதிக்கோங்க. நல்லா இல்ல! ராம்ப் வழுக்குது. கதவு பூட்டியிருக்கு. லிஃப்ட்டு பட்டன் எட்டல. மேசையில கால் நுழையல. பாத்ரூமுக்குள்ள எட்டிப் பாத்தேன், பழைய பேப்பரு கட்டு கட்டா அடுக்கி வெச்சிருக்காங்க. காலையிலேர்ந்து நான் தண்ணி குடிக்கல, ரொம்ப தாகமா இருக்கு!”

பொறியாளர் எழுதினார்.

அக்கா வாட்ச்மேனைப் பார்த்தாள். குரல் இறங்கியது. “அண்ணா, நீங்க தூக்குனது நல்லாத்தான் இருந்துச்சு. கட்டடம்தான்ணா நல்லா இல்ல.”

அப்புறம் சாவி போட்டுக் கதவு திறந்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். கழிப்பறையிலிருந்த பேப்பர் கட்டுகளை நூலகர் அம்மாவே இழுத்து வெளியே போட்டார். அக்கா சொம்பு நிறையத் தண்ணீர் குடித்தாள்.

ஆனால் வாட்ச்மேன் முகம் தொங்கிப்போய்விட்டது. நாங்கள் கிளம்பும்போது கேட் பக்கம் ஒதுங்கி நின்றிருந்தார். அக்கா நாற்காலியை அவரிடம் உருட்டிக்கொண்டு போனாள்.

“கோவமாணா?”

“கோவம் இன்னாக்கா கோவம்.” என்றார் அவர். “ரோசன பண்ணிகினு இருக்கேன். டோலியில ஏறுறவங்க வழி பூரா இன்னா வேண்டிக்குவாங்க தெரியுமா? அடுத்த வருசம் நானே நடந்து வரணும் சாமின்னு. எல்லாரும் அதையேதான் கேப்பாங்க, என் தோள்மேல குந்திக்கினே! எனக்கு ஒரு நாளும் கோவம் வந்ததில்ல. நல்லா வேண்டிக்கோம்மான்னு நானும் சேந்து சொல்லுவேன். இன்னிக்கு உங்க விசயத்துல அது தோணாம போச்சு பாருங்க.”

அக்கா அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் தேங்க்ஸ் சொல்லாத ஒரே இடம் அதுதான்.

அறிக்கை போனதும் முதல் வேலையாகச் சாய்தளத்தை இடித்துக் கட்ட எடுத்தார்கள். பதிவுக்கான அவகாசத்தையும் அக்காவுக்காகக் கொஞ்சம் தள்ளிவைத்தார்கள். வேலை தொடங்கிய நாளிலிருந்து வாட்ச்மேன் எனக்குப் போன் செய்துகொண்டே இருந்தார். “சார், பழைய கல்ல பேத்துட்டாங்க.” “சார், கம்பி கட்டியாச்சு.” “சார், கான்கிரீட்டு மேல நாய் ஒண்ணு ஏறப் பாத்துச்சு, வுட்டேனா பாருங்க!” ஒரு மாணவன் ஈரம் காய்வதற்குள் அதில் பைக்கை ஏற்றி நிறுத்தப் போக, இவர் போட்ட சத்தத்தில் வைஸ் சான்ஸ்லர் அறை வரை விஷயம் போய்விட்டதாம். ஷட்டர் போய்க் கண்ணாடிக் கதவு வந்தது. லிஃப்ட் வேலை இன்னும் பாக்கி, அது வேறு கதை.

கார்த்திகையில் ஒரு நாள், பதிவு முடித்து, அக்கா முதல்முதலாகப் படிக்கப் போனாள். ஆம்பூரிலிருந்து தெரிந்தவர் வேனில் அழைத்துப் போய் கேட் அருகே இறக்கிவிட்டேன்.

“இங்கயே நில்லு” என்றாள்.

நின்றேன். வாட்ச்மேனும் என் பக்கத்தில் வந்து நின்றார். புதுச் சாய்தளம் நீளமாக, தணிவாக, இரண்டு பக்கமும் கைப்பிடியோடு இருந்தது. அக்கா மடியில் பையை வைத்துக்கொண்டு மெதுவாக ஏறத் தொடங்கினாள். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தினாள். களைப்பா, பையைச் சரி செய்தாளா, இங்கிருந்து தெரியவில்லை. என் கை தானாக முன்னால் போனது. பக்கத்தில் பார்த்தால் அவர் கையும் போய்க்கொண்டிருந்தது. இத்தனை வருஷமாக அவளைத் தூக்கிய என் முதுகுக்குத் தெரியாத ஒரு பாரம் அந்த நிமிஷத்தில் இருந்தது. பிரியமானவர்கள்மேல் வைத்த கையை எடுத்துக்கொள்வதற்கும் வலு வேண்டும் என்பதை நான் அங்கேதான் கற்றேன், இன்னமும் கற்றுக்கொண்டே இருக்கிறேன்.

வாட்ச்மேன் என்ன செய்தார் தெரியுமா? நீட்டிய கையால் தன் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து, ரோட்டுப் பக்கமாகத் திருப்பிப் போட்டு, சாய்தளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். திரும்பாமலே என்னிடம் கேட்டார், “ஏறிட்டாங்களா சார்?”